மென்பொருள் மாமேதை சிவபாண்டி

கற்றுக்கொள்ள ஆள் இருக்கிறான், கற்றுக்கொடுக்கக் கட்டடமும் இருக்கிறது, நடுவில் படிப்பு மட்டும் எங்கே போய்த் தொலைகிறது என்று விசாரிக்கப் புறப்பட்டவர் சோலை. விசாரிக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் மனைவி பாண்டிமீனா இப்போது சொல்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சோலைக்குத் திருப்பரங்குன்றம் ரோட்டில் ஒரு லேத் பட்டறை. பழைய லேத்துகள் இரண்டும், புதிதாக வந்து இறங்கிய கம்ப்யூட்டர் லேத்து ஒன்றும் அங்கே இருந்தன. புதியது லேசுப்பட்டதில்லை. இரும்புத் தண்டைச் சுழற்றிக் கடையும். நினைத்த இடத்தில் சுழற்சியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் துளையும் போடும். ஆனால் இன்னது செய் என்று அதற்கு ஒரு மென்பொருளில் எழுதிச் சொல்ல வேண்டும். கடைசலுக்கு எழுத சிவபாண்டிக்குத் தெரியும். பக்கவாட்டுத் துளைக்கு எழுத அவனுக்கும் தெரியாது, அந்த ரோட்டில் வேறு எவனுக்கும் தெரியாது.

சிவபாண்டி வேறு யாருமில்லை, பாண்டிமீனாவின் தம்பி. அக்கா கல்யாணமாகி வந்தபோதே அவளோடு வந்து, மச்சான் பட்டறையிலேயே வேலை பழகியவன். வாய் ஓயாமல் பேசுவான். மிஷின் ஓடும்போதுகூட அதன் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுவான்.

கோயம்புத்தூர் பம்பு கம்பெனி ஒன்று, மாதிரிக்குத் தண்டு ஒன்று செய்து கொடுங்கள், சரியாக இருந்தால் வருஷம் பூராவும் வேலை தருகிறோம் என்று சொல்லியிருந்தது. அந்தத் தண்டில் இருந்த ஒரே வில்லங்கம், அதன் இடுப்பில் பக்கவாட்டில் சாய்வாக ஒரு துளை. இந்த வேலை கைகூடாவிட்டால் கடனுக்கு வாங்கிய புது மிஷினை வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்ற வேண்டியதுதான். பட்டறையும் அதோடு போகும்.

ஆகவே மேற்பயிற்சி எங்கே கிடைக்கும் என்று தேடினார்கள். கோரிப்பாளையத்தில் செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஒரு பயிற்சி நிலையம் இருந்தது. அதை நடத்துகிறவர், "பேசிக் முடிச்சிட்டாப்லயா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் தெரியும்ணே. அட்வான்ஸ்டுதான் வேணும்" என்றார் சோலை.

"அட்வான்ஸ்டுன்னா ஒண்ணுமில்லண்ணே. இதே பேசிக்கை ஏசி ரூம்ல நடத்துவோம்."

மென்பொருளை விற்ற ஆளுக்குச் சென்னைக்குப் போன் போட்டார்கள். "நீங்க கேக்குறது எல்லாம் உள்ளயே இருக்கு சார், நீங்கதான் தேடிப் பார்க்கணும்" என்றார் அவர். சாமியார் மடத்திலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

அப்போதுதான் பேப்பருக்குள் வைத்து வந்த ஒரு நோட்டீஸ் சோலை கையில் கிடைத்தது. தென்மண்டல உயர்நிலைக் கடைசல் மென்பொருள் திறன் மேம்பாட்டு மற்றும் ஒருங்கிணைப்பு மையம். பெயரை வாசித்து முடிப்பதற்குள் டீ ஆறிப்போனது. இம்புட்டு நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் உள்ளே சரக்கு இல்லாமலா இருக்கும் என்று அவர் நினைத்தார். பாவம், நல்ல மனுஷன்.

பசுமலையைத் தாண்டி, கருவேலங்காட்டுக்கு நடுவில் அந்த மையம் நின்றது. நான்கு மாடி, முழுக்கக் கண்ணாடி. சோலைக்கு வாசலிலேயே ஏதோ போல் இருந்தது. மிஷின் தொழில் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் மிஷின் சத்தம் இல்லை. சாவு வீட்டில்கூடக் கொட்டுச் சத்தம் இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

ஒருங்கிணைப்பாளர் ரோகிணி, சோலையையும் சிவபாண்டியையும் உட்காரவைத்துப் பேசினார். பேச்சு அச்சடித்தது போல இருந்தது. "எங்கள் மையத்தில் சேர்ந்த எவரும் இதுவரை பாதியில் விலகியதில்லை. இது ஒரு சாதனை."

"ரொம்பச் சந்தோசம்மா. முடிச்சிட்டு வெளிய போனவங்க எம்புட்டுப் பேரு இருப்பாங்க?"

"அவர்களும் விலகியதில்லை" என்றார் ரோகிணி.

சோலைக்குப் புரியவில்லை. பெரிய இடத்தில் புரியாததைக் கேட்டால் நமக்குத்தான் மரியாதைக்குறைவு என்று தலையை ஆட்டிவைத்தார். சிவபாண்டிக்கு இடம் கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் மதுரைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று நடந்தது. மதுரையில் ஒருத்தன் பைக் வாங்கினால் பிளெக்ஸ் வைப்பார்கள், பிள்ளைக்குக் காது குத்தினால் வைப்பார்கள், ஜாமீனில் வெளியே வந்தால் இரண்டாக வைப்பார்கள். பக்கத்து வெல்டிங் பட்டறை பேயாண்டிக்குச் சிவபாண்டி மேல் கொள்ளைப் பிரியம். மாப்ள படிக்கப் போறான், சும்மா அனுப்பினால் எப்படி? இரவோடு இரவாக ஒரு பிளெக்ஸ் அடித்து, மையத்தின் வாசல் கேட்டிலேயே கொண்டுபோய்க் கட்டிவிட்டான். அதில் சிவபாண்டியின் தலையைக் கோட்டு சூட்டுப் போட்ட வேறொரு உடம்பில் ஒட்டியிருந்தார்கள். பின்னால் ஒரு சிங்கமும் லேத்து மிஷினும் நின்றன. மேலே எழுதியிருந்தது: "கடைசல் உலகின் கலங்கரை விளக்கமே! மென்பொருள் மாமேதையே! வருக! வருக! இவண், பட்டறைப் பாசறை."

காலையில் காரில் வந்த மைய இயக்குநர் முனைவர் சூரியபிரகாஷ் அதை வாசித்தார். மாமேதை ஒருவர் தன் மையத்துக்கு வருவது தனக்கே தெரியாமல் போயிற்றே என்று பதறிப்போய், மேலிடம் சொன்னால் மறுத்துப் பேசாத ரோகிணியை மாலை வாங்க விரட்டினார். பிளெக்ஸில் இருப்பது உண்மையா என்று அவர் சந்தேகப்படவில்லை. அவர் இயக்குநரான சங்கதியை அவர் தெருவுக்கும் ஒரு பிளெக்ஸ்தான் சொன்னது.

ஒன்பது மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கிய சிவபாண்டியின் கழுத்தில் மாலை விழுந்தது. சேருகிற எல்லோருக்கும் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவனும் குனிந்து வாங்கிக்கொண்டான். மேடையில் ஏற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், சில வார்த்தைகள் பேசச் சொன்னார்கள். கீழே ஒரு கூட்டம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தது.

அவன் உள்ளதை உள்ளபடி சொன்னான். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கத்துக்கிரலாம்னுதான் வந்துருக்கேன்."

கைதட்டல் அடங்கவே இல்லை. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "பார்த்தீர்களா அந்த அடக்கத்தை! நிறைகுடம் தளும்பாது. இன்று முதல் இவர் நம் முதன்மைப் பயிற்றுநர்!"

கூட்டம் அதை நோட்டில் எழுதிக்கொண்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான் சிவபாண்டி. பாண்டிமீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "தெரியாம மேடையேறுனவன் இறங்குறது லேசில்லடா. நாளைக்கே உண்மையைச் சொல்லிப்புடு" என்றாள்.

"சொன்னேன்க்கா. கைதட்டுறாய்ங்க."

மறுநாள் போனபோது ஓர் அறைக் கதவில் அவன் பெயர் மாட்டியிருந்தது. அடுத்த வாரம் மையத்தின் விடுதியிலேயே தங்கச் சொன்னார்கள், முதன்மைப் பயிற்றுநர் பஸ்ஸில் வருவது மையத்துக்கு அழகல்ல என்று. முதலில் ஞாயிறுதோறும் வந்தான். பிறகு ஞாயிறு மட்டும் போன் செய்தான். பிறகு அக்காதான் போன் செய்ய வேண்டியிருந்தது.

"டேய், எப்படா வாரே? மச்சான் மிஷினைத் துடைச்சுத் துடைச்சு வச்சிட்டு உக்காந்துருக்காரு."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வருகை குறித்து இன்னும் முடிவு செய்யப்படவில்லை" என்று பதில் வந்தது.

கிண்டல் பண்ணுகிறான் என்று பாண்டிமீனா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். தம்பி பெயர்தான் இருந்தது. "எனக்குப் பயமா இருக்குங்க. போயி அவனைக் கூட்டிட்டு வந்துருங்க. அவன் ஒண்ணும் கத்துக்கிர வேணாம்" என்றாள் சோலையிடம்.

சோலை போனார். இயக்குநரே எதிரில் வந்து, முதன்மைப் பயிற்றுநரின் மச்சான் என்ற மரியாதையோடு மையத்தைச் சுற்றிக் காட்டினார். முதலில் ஒரு கண்ணாடி அறை. நடுவில், சோலை வாங்கியது போலவே ஒரு மிஷின், கம்பெனியிலிருந்து வந்த பாலித்தீன் உறை பிரிக்கப்படாமல் நின்றது. உறையின் மேல் சந்தனம் குங்குமம். காலடியில் திறப்பு விழாவுக்கு வைத்த எலுமிச்சம்பழம் கறுத்துச் சுருங்கிக் கிடந்தது.

"இதை ஓட்டுறதில்லையா சார்?"

"ஓட்டினால் தேயும்" என்றார் இயக்குநர். "சொல்லப்போனால், தென்மண்டலத்திலேயே ஒரு பழுதும் இல்லாத மிஷின் இதுதான். இதுவரை ஒரு விபத்து கிடையாது. ஒரு தவறான துளைகூடக் கிடையாது."

"துளையே கிடையாதே சார்."

"அதைத்தான் நானும் சொல்கிறேன்."

அடுத்து வகுப்பறை. ஆளுக்கொரு கம்ப்யூட்டர். எல்லாத் திரையிலும் ஒரே படம், மென்பொருளைத் திறந்தவுடன் வரும் முகப்புப் படம். அதைத் தாண்டி உள்ளே போகக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல் தெரிந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். அதனால் பாதிப் பேர் முகப்புப் படத்தைப் பற்றி மீதிப் பேருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் இவர்கள் அவர்களுக்கு எடுப்பார்களாம்.

கடைசி வரிசையில் ஒரு முகத்தைப் பார்த்துச் சோலை நின்றார். வாடிப்பட்டியில் பட்டறை வைத்திருந்த பால்பாண்டி. திடீரென்று கடையைச் சாத்திவிட்டு ஆளையே காணோம், கேரளாப் பக்கம் போய்விட்டான் என்று ஊருக்குள் பேசிக்கொண்டார்கள். இங்கே கழுத்தில் டை கட்டி உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே பால்பாண்டி! என்னண்ணே, தெரியுதா?"

பால்பாண்டி எழுந்து நின்று, "நல்ல கேள்வி" என்றான். பிறகு உட்கார்ந்துகொண்டான்.

சோலை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாம் பட்டறை முகங்கள். ஒரு காலத்தில் நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்போடு திரிந்தவர்கள். எல்லோரும் ஏதோ ஒரு பக்கவாட்டுத் துளைக்காக வந்தவர்கள். இப்போது அத்தனை விரல்களும் வெள்ளை வெளேர் என்று இருந்தன.

"நாட்டில் பயிற்சி பெற்ற ஆட்களுக்குக் கடும் பற்றாக்குறை" என்று சொல்லிக்கொண்டே நடந்தார் இயக்குநர். "அந்தப் பற்றாக்குறைக்காகவே நாங்கள் தொடங்கப்பட்டோம். அதைக் கண்போலக் காத்து வருகிறோம். இங்கிருந்து நாலு பேர் கற்றுக்கொண்டு வெளியே போய்விட்டால் பற்றாக்குறை என்ன ஆவது? மையம் என்ன ஆவது? தொலைநோக்கோடு யோசிக்க வேண்டும்."

அவர் போன் பேச ஒதுங்கிய நேரத்தில் சோலை சிவபாண்டியின் அறைக்குள் நுழைந்தார். கோட்டுப் போட்டு, மேஜைக்குப் பின்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தான். "தங்கள் வருகையின் நோக்கம்" என்று ஆரம்பித்தான். சோலை பொறுக்க முடியாமல் அவன் கன்னத்தில் தட்டினார். ஓங்கித்தான் தட்டினார்.

"மாப்ள! நாந்தான்டா!"

கண் கலங்கிவிட்டது அவனுக்கு. கதவைப் பார்த்துக்கொண்டு குசுகுசுவென்று பேசினான். "மச்சான், இங்க ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா ஒவ்வொருத்தனும் மத்தவனுக்குத் தெரியும்னு நினைச்சிட்டு இருக்கான். நான் போறேன்னு எந்திரிச்சா அம்புட்டுப் பேரும் என்னையவே பாக்குறாய்ங்க. நான் போயிட்டா அவிங்களுக்கு யாருமில்லைன்னு பாக்குறாய்ங்க. அந்தப் பார்வையைத் தாண்டி நடக்க முடியல."

"நான் இழுத்துட்டுப் போறேன், வாடா."

"வெளியேறு தேர்வுன்னு ஒண்ணு இருக்கு. அதுல பாஸாகாமப் போனா, நம்ம பட்டறைக்கு எவனும் வேலை குடுக்கக் கூடாதுன்னு எல்லாக் கம்பெனிக்கும் எழுதிருவாங்க. பால்பாண்டி அண்ணன் அப்படித்தான் ஒருதடவை ஓடிப் பார்த்தாரு. பட்டறையை மூட வச்சு, திரும்பி வர வச்சிட்டாங்க."

"தேர்வுல என்ன செய்யணும்?"

"மிஷின்ல ஒரு துளை போட்டுக் காட்டணும்."

"எந்த மிஷின்ல?"

சிவபாண்டி தலையைத் திருப்பிக் கண்ணாடி அறை இருந்த பக்கம் பார்த்தான்.

பட்டறைக்காரனுக்கு எதைப் பார்த்தாலும் வழி பண்ணிவிடலாம் என்று ஒரு நினைப்பு உண்டு. தேய்ந்ததை ஒட்டவைப்பான், உடைந்ததைப் பற்றவைப்பான். அந்தக் கொழுப்பில்தான் சோலை இயக்குநரிடம் நேரே போய்க் கேட்டார். "சார், உங்க மிஷின் தேய வேணாம். எம் பட்டறையில அதே மிஷின் நிக்குது. மாப்ள அங்க வந்து ஒரு துளையைப் போட்டுக் காட்டட்டும். பாஸ் போட்டுக் குடுத்துருங்க. பெயிலானா மறுபடி போடட்டும்."

வகுப்பறையில் பாடம் நின்றது. அத்தனை பேரும் திரும்பிச் சோலையைப் பார்த்தார்கள். இயக்குநர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடாமல் வெகுநேரம் குலுக்கினார்.

"இப்படிப்பட்ட ஒருவரைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்" என்றார்.

சோலை துள்ளிக்கொண்டு வீடு வந்தார். கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, மாதிரித் தண்டு அடுத்த வாரம் வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தார். பட்டறையைக் கூட்டிப் பெருக்கினார். தண்டுக்கான இரும்பை அளவுக்கு வெட்டி, மிஷினின் வாயில் கவ்வவைத்துத் தயாராக வைத்தார். பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. பாண்டிமீனா தம்பிக்குப் பிடித்த அயிரை மீன் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு முன்னதாகவே வந்து பட்டறை வாசலில் நின்றாள்.

வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. இயக்குநர், ரோகிணி, பால்பாண்டி, கடைசியாகச் சிவபாண்டி இறங்கினார்கள். சிவபாண்டி அக்காவைப் பார்க்காமல் உள்ளே போனான். ரோகிணி மிஷினுக்கு மாலை போட்டார். பால்பாண்டி ஒரு பெரிய பாலித்தீன் உறையைப் பிரித்தான். கவ்வியிருந்த இரும்போடு சேர்த்து மிஷினை அவனும் ரோகிணியும் தலை முதல் கால்வரை போர்த்திக் கட்டினார்கள். இயக்குநர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"இந்த எளிய பட்டறை இன்று முதல் நம் மையத்தின் வெளியேறு தேர்வுக்கூடமாக உயர்த்தப்படுகிறது. இத்தனை காலம் தேர்வு நடத்த இடமில்லை என்ற ஒரு குறை எங்களுக்கு இருந்தது. இனி அந்தக் குறையும் இல்லை."

"ரொம்ப நன்றி சார். மாப்ள, ஆரம்பிடா" என்றார் சோலை.

"தேர்வாளர் நியமிக்கப்பட்டதும் தேர்வு தொடங்கும்" என்றார் ரோகிணி.

"தேர்வாளர் யாரும்மா?"

"இந்தத் தேர்வில் ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற ஒருவர்."

சோலை அதை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். மறுபடியும் சொல்லிப் பார்த்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் வெளியே வந்திருந்தார்கள். அவரையும் தோளில் கைபோட்டு வெளியே கூட்டி வந்திருந்தார் இயக்குநர். ஷட்டர் இறங்கியது. பூட்டு விழுந்தது. பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு உருக்கி முத்திரை வைத்தது சிவபாண்டிதான். பதறாமல், சிந்தாமல், சுத்தமாக வைத்தான். அவன் வேலை எப்போதுமே சுத்தம்.

"சார், உள்ள எம் மிஷின் இருக்கு சார். கோயம்புத்தூருக்கு வாக்குக் குடுத்துருக்கேன்."

"தேர்வுக்கூடத்துக்குள் வெளியாட்கள் நுழையக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

"நான் வெளியாளா?"

இயக்குநர் இரக்கத்தோடு அவரைப் பார்த்தார். உண்மையான இரக்கம்தான், அதில் சந்தேகமில்லை. "பயிற்சியில் சேர்ந்தவர்கள் உள்ளே வரலாம். ஓர் இடம் காலியாக இருக்கிறது. உங்களைப் போன்ற அனுபவசாலி என்றால் நேரடியாகப் பயிற்றுநராகவே சேர்த்துக்கொள்வோம்."

வேன் கதவு திறந்திருந்தது. பக்கத்துப் பட்டறையிலிருந்து பேயாண்டி எட்டிப் பார்த்து, "போயிட்டு வாங்கண்ணே! நாம கெத்தா ஒரு பிளெக்ஸ் வச்சிருவோம்!" என்று கத்தினான். சோலை பூட்டிய ஷட்டரைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். தன் பட்டறைக்குள் போக வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. வலது காலைத் தூக்கி வேன் படியில் வைத்தார்.

பாண்டிமீனா அப்போது வேனுக்கு அந்தப் பக்கம் நின்றாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தம்பியிடம் தூக்குவாளியை நீட்டி, "தம்பி, சாப்டியாடா?" என்று கேட்டாள்.

சிவபாண்டி வாயைத் திறந்தான். பிறகு முன்சீட்டில் ஏறியிருந்த இயக்குநரின் பின்தலையைப் பார்த்தான். பால்பாண்டியைப் பார்த்தான்.

"கேட்டுச் சொல்றேன்க்கா" என்றான்.

அவள் தூக்குவாளியை ரோட்டிலேயே போட்டுவிட்டு வேனைச் சுற்றி ஓடிவந்தாள். உள்ளே ஏறப்போன புருஷனின் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சட்டை தோள்பட்டையோடு கிழிந்தது. அவர் மல்லாந்து மண்ணில் விழுந்தார். வேன் அதற்காக நிற்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பசுமலைப் பக்கம் போய்விட்டது. அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஓடிவந்து, விடும்மா, அவர் எந்திரிக்கட்டும் என்றார்கள். அவள் விடவில்லை.